கோடைக்கு ஒரு லேசான டாப்: முதல்முறை பின்னுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பின்னல் கற்றுக்கொண்டு ஒரு ஸ்கார்ஃப், ஒரு தொப்பி முடித்த பிறகு, அடுத்து உடம்பில் போடுகிற மாதிரி ஒன்று பின்ன வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை வரும். கையில்லாத கோடை டாப் அதற்கு நல்ல தேர்வு. ஆனால் என்னிடம் வருகிற சந்தேகங்களில் முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: பருத்தி நூலைக் கம்பளி நூல் போல நினைத்துப் பின்னிவிடுவது. திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே சேர்த்திருக்கிறேன்.

பின்னல்னாலே கம்பளிதானே? வெயில் காலத்துல போட முடியுமா?

தாராளமாகப் போடலாம். கிடைத்திருக்கிற மிகப் பழைய பின்னல் துண்டுகளில் சில, எகிப்தில் கிடைத்த நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள். அப்போதே பருத்தியில் பின்னியிருக்கிறார்கள். பருத்தி, லினன், மூங்கில் விஸ்கோஸ் எல்லாமே பின்னுவதற்கென்றே நூலாகக் கிடைக்கின்றன.

வெயிலுக்கு ஏற்றதா என்பதை நூலின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பருத்தியிலேயே தடிமனாக, நெருக்கமாகப் பின்னினால் போர்வை போலக் கனக்கும். துணி லேசாக, காற்று புகும்படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எனக்கு நிட், பர்ல் ரெண்டு மட்டும்தான் தெரியும். டாப் பின்ன இது போதுமா?

போதும். பின்னலின் அடிப்படைக் கண்ணிகள் இந்த இரண்டும்தான்; கண்ணி என்பது ஊசியில் நிற்கும் நூல் வளையம். கண்ணி ஏற்றவும் கடைசியில் கண்ணிகளை மூடவும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த டாப் இரண்டு செவ்வகத் துண்டுகள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் ஒரே அளவு. மேலே இரண்டு தோளிலும் இணைத்து, பக்கவாட்டில் கை போக இடம் விட்டுத் தைத்தால் உடை முடிந்தது. கண்ணி கூட்டுவது, குறைப்பது, கழுத்தை வளைத்து எடுப்பது எதுவும் கிடையாது. துண்டு தோளைவிட அகலமாக இருப்பதால் ஓரம் கொஞ்சம் கீழே விழுந்து அதுவே சின்னக் கை போல நிற்கும், பார்க்க நன்றாகவே இருக்கும்.

எந்த நூல் வாங்கணும்? காட்டன்னு போட்டிருந்தா போதுமா?

நூல் கண்டில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். 50 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கும். 110 முதல் 125 மீட்டர் வரை இருந்தால் முதல் டாப்புக்குச் சரியான தடிமன். 80 மீட்டர்தான் என்றால் நூல் தடிமன், சீக்கிரம் முடியும், ஆனால் உடை கனக்கும். 200 மீட்டர் என்றால் அருமையான லேசான துணி வரும், ஆனால் வரிசைகள் முடிவே இல்லாமல் நீளும், இரண்டாவது டாப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் முதல் தேர்வு பருத்தியும் லினனும் கலந்த நூல். தனி லினன் பின்னும்போது கயிறு போல விறைப்பாக இருக்கும், துவைக்கத் துவைக்கத்தான் மிருதுவாகும். மூங்கில் விஸ்கோஸ் பட்டுப் போல விழும், ஆனால் வழுக்கும், தன் கனத்தால் இழுத்துக்கொண்டு கீழே இறங்கும், அதனால் முதல் முயற்சிக்கு வேண்டாம். ‘மெர்சரைஸ்டு’ என்று போட்ட பருத்தி நூல், காஸ்டிக் சோடாவில் பதப்படுத்தியது. ஜான் மெர்சர் 1850இல் காப்புரிமை பெற்ற முறை அது, பெயரும் அவரிடமிருந்து வந்ததுதான். பளபளப்பாக இருக்கும், சாயம் நன்றாகப் பிடித்திருக்கும், பிரியாமல் வரும். சாதாரணப் பருத்தி அதைவிட மிருது, வியர்வையை நன்றாக இழுக்கும். தோலோடு ஒட்டிக் கிடக்கும் உடை என்பதால் கடையிலேயே நூலைக் கழுத்தின் பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். விரலுக்கு உறுத்தாதது கழுத்துக்கு உறுத்தும்.

ஊசி எந்த சைஸ்? வட்ட ஊசி கட்டாயமா?

மேலே சொன்ன நூலுக்கு 4 மில்லிமீட்டர். வட்ட ஊசி, அதாவது இரண்டு நுனிகளை வளையும் கேபிள் இணைக்கும் ஊசி, கட்டாயமில்லை, ஆனால் 80 செ.மீ. கேபிள் உள்ள ஒன்று இருந்தால் நல்லது. வட்டமாகப் பின்னுவதற்காகச் சொல்லவில்லை. நேர் ஊசியில் பின்னுவது போலவே ஒவ்வொரு வரிசைக்கும் திருப்பித் திருப்பிப் பின்னலாம், துணியின் கனம் முழுதும் மடியில் இருக்கும், மணிக்கட்டில் தொங்காது. பருத்தி கனமான நூல் என்பதால் பாதித் துண்டு தாண்டியதும் இந்த வித்தியாசம் கையில் தெரியும். உலோக ஊசியில் கண்ணி வழுக்கினால் மூங்கில் ஊசிக்கு மாறுங்கள்.

மாதிரித் துண்டு பின்னியே ஆகணுமா? நேரா ஆரம்பிச்சா என்ன?

பின்னியே ஆக வேண்டும். உடைக்கு முன்னால் அதே நூலிலும் ஊசியிலும் பின்னி அளந்து பார்க்கும் சின்னச் சதுரம்தான் மாதிரித் துண்டு. ஸ்கார்ஃபுக்கு அதை விட்டுவிடலாம், இரண்டு செ.மீ. கூடினால் யாருக்கும் தெரியாது. உடையில் அப்படியில்லை. 10 செ.மீ.க்கு 22 கண்ணி வரும் என்று நினைத்துக் கணக்குப் போட்டு, உங்கள் கைக்கு 21 வந்தால், சுற்றளவில் கிட்டத்தட்ட 5 செ.மீ. கூடிவிடும். 20 வந்தால் 10 செ.மீ. ஒரு முழு சைஸ் தாண்டிவிடுகிறது.

33 கண்ணி ஏற்றி, முதல் ஆறு வரிசை நிட் மட்டும், அப்புறம் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று 15 செ.மீ. உயரம் வரும்வரை பின்னி மூடுங்கள். உடனே அளக்காதீர்கள். உடையை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே துவைத்து, படுக்கையாகக் காயவைத்து, பிறகு கொடியில் மேல் ஓரத்தைக் கிளிப்பால் மாட்டி, கீழ் ஓரத்தில் மூன்று நான்கு கிளிப்புகளைக் கனத்துக்காகத் தொங்கவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். தொங்கும்போதே அளவெடுங்கள். நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணுங்கள், ஓரத்தை ஒட்டி எண்ண வேண்டாம். கம்பளிக்கு இந்தத் தொங்கவிடும் வேலை அவ்வளவாகத் தேவையில்லை, அது இழுத்தால் திரும்பிச் சுருங்கிக்கொள்ளும். பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். காய்ந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னால் உங்கள் விரல்களை வையுங்கள். விரல்களின் உருவம் மங்கலாகத் தெரிய வேண்டும், கண்ணிகளுக்கு நடுவே சின்னச் சின்னப் புள்ளியாக வெளிச்சம் வர வேண்டும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் துணி நெருக்கம், 4.5 ஊசியில் இன்னொரு துண்டு பின்னிப் பாருங்கள். விரல் நகம்வரை தெளிவாகத் தெரிந்தால் 3.75க்குப் போங்கள்.

எத்தனை கண்ணி ஏத்தணும்னு எப்படிக் கணக்குப் போடறது?

மார்புச் சுற்றளவை எடுங்கள். 92 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வெயில் காலத்துக்கு உடம்போடு ஒட்டாமல் இருக்க 8 செ.மீ. கூட்டினால் 100. இரண்டு துண்டு என்பதால் ஒன்றுக்கு 50 செ.மீ. மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்திருந்தால் ஒரு செ.மீ.க்கு 2.2. ஐம்பதை 2.2ஆல் பெருக்கினால் 110. தையலில் பக்கத்துக்கு ஒரு கண்ணி உள்ளே போய்விடும், அதற்கு 2 சேர்த்து 112.

உயரம் தோளிலிருந்து 54 செ.மீ. வேண்டும், 10 செ.மீ.க்கு 30 வரிசை வந்தது என்றால் 162 வரிசை. நான் எப்போதும் ஆறு வரிசை குறைத்துத்தான் நிறுத்துவேன், ஏன் என்று கீழே நீளம் இறங்குவதைப் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் நன்றாகப் பொருந்துகிற டாப் ஏதாவது இருந்தால் அதைத் தரையில் விரித்து அளப்பது உடம்பை அளப்பதைவிட நம்பகமானது.

எவ்வளவு நூல் வேணும்? மிச்சமாகவும் கூடாது, பத்தாமலும் போகக் கூடாது.

மாதிரித் துண்டை எடை போடுங்கள். 15 செ.மீ.க்கு 15 செ.மீ. துண்டு 225 சதுர செ.மீ., அது 9 கிராம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடையின் பரப்பு 50 பெருக்கல் 54, அது இரண்டு துண்டு, ஆக 5400 சதுர செ.மீ. அதாவது 24 மாதிரித் துண்டுகள், 216 கிராம். தையலுக்கும், கண்டு மாறும்போது விடும் நூல் நுனிக்கும் (வால்) சேர்த்து 250 கிராம், 50 கிராம் கண்டுகளில் ஐந்து. நான் ஆறாக வாங்குவேன். எல்லாக் கண்டிலும் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்டவை என்பதைக் காட்டும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பிறகு போய் ஒன்று வாங்கினால் அதே நிறம் என்று சொல்லித் தருவார்கள், பின்னினால் கோடு போட்ட மாதிரி தெரியும்.

எத்தனை நாள் ஆகும்?

112 கண்ணி, 162 வரிசை, இரண்டு துண்டு என்றால் 36,000 கண்ணிக்கு மேல். புதியவர் நிமிடத்துக்கு 15 கண்ணி போட்டால் 40 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறு வாரம். வெயில் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

ஓரம் சுருண்டுக்கிட்டே போகுது. அயர்ன் பண்ணா சரியாகுமா?

ஆகாது. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று பின்னும் துணியில் நிட் எல்லாம் ஒரு பக்கம், பர்ல் எல்லாம் மறுபக்கம் சேர்ந்துவிடுகின்றன. இரண்டு பக்கத்துக்கும் இழுவிசை வேறு, அதனால் ஓரம் சுருளும். அயர்ன் செய்தால் கொஞ்ச நேரம் படிந்திருக்கும், துவைத்ததும் திரும்பி வந்துவிடும்.

எல்லா வரிசையும் நிட் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சுருளவே சுருளாது. அதனால் கீழே முதல் எட்டு வரிசையும், மேலே கழுத்துக்குப் போகும் கடைசி எட்டு வரிசையும் நிட் மட்டும் பின்னுங்கள். கை போகும் இடம் தொடங்கும் உயரத்திலிருந்து, எந்த வரிசையாக இருந்தாலும் இரண்டு ஓரத்திலும் நான்கு நான்கு கண்ணி நிட் போடுங்கள். ஓரம் தானாகவே அழகாக முடிந்துவிடும்.

நூல் பிரிஞ்சு பிரிஞ்சு ஊசில மாட்டுது, விரலும் வலிக்குது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கம்பளி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பருத்தி விட்டுக்கொடுக்காது, அதனால் ஸ்கார்ஃப் பின்னிய அதே இறுக்கத்தில் பின்னினால் கண்ணி ஊசியில் கவ்விக்கொள்ளும். நுழைக்க ஊசியின் நுனியால் குத்துவோம், குத்தினால் புரி பிரியும். நூலை விரலில் சுற்றுவதை ஒரு சுற்று குறையுங்கள், ஊசியின் கூரான பகுதியில் கண்ணியை உருவாக்காமல் தடித்த பகுதிவரை தள்ளி உருவாக்குங்கள். நுனி ரொம்பக் கூர்மையாக இருந்தால் கொஞ்சம் மழுங்கிய ஊசிக்கு மாறலாம். அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்துவிட்டு விரலை விரித்து நீட்டுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம், வலியோடு பின்னினால் கை இன்னும் இறுகும்.

முன்பக்கம் வரிசை வரிசையா கோடு விழுது. என்ன தப்பு பண்றேன்?

தப்பு என்று சொல்ல முடியாது. பலருக்கு பர்ல் வரிசை நிட் வரிசையைவிடத் தளர்வாக வரும். கம்பளியில் துவைத்ததும் சமமாகிவிடும், பருத்தியில் அப்படியே நிற்கும். மாற்றக்கூடிய நுனிகள் உள்ள வட்ட ஊசி இருந்தால் ஒரு முனையில் 4, மறுமுனையில் 3.75 மாட்டிக்கொண்டு, பர்ல் வரிசை வரும்போது கண்ணிகள் 3.75இல் உருவாகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். மாதிரித் துண்டிலேயே இந்தக் கோடு தெரிந்துவிடும் என்பது அதைப் பின்னச் சொல்வதற்கு இன்னொரு காரணம். இதெல்லாம் வேண்டாம் என்றால் துண்டு முழுதும் நிட் மட்டும் பின்னுங்கள். மேடுபள்ளமாக அழகாக இருக்கும், ஆனால் வரிசைகள் கூடுதலாகும், நூலும் அதிகம் போகும். மாதிரித் துண்டையும் அதே பின்னலில் பின்னி அளக்க வேண்டும்.

ஒரு கண்ணி நழுவி நாலஞ்சு வரிசை கீழே இறங்கிடுச்சு. பிரிச்சிடவா?

பிரிக்க வேண்டாம். முதலில் அந்தக் கண்ணியில் ஒரு சேஃப்டி பின்னை மாட்டுங்கள், பருத்தி வழுக்கும் என்பதால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இறங்கும். நிட் பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்படி வைத்துக்கொண்டு, குரோஷா ஊசியைக் கண்ணிக்குள் முன்னாலிருந்து விட்டு, அதற்கு மேலே ஏணிப்படி போலக் குறுக்கே கிடக்கும் நூலைப் பிடித்து இழுத்து வெளியே எடுங்கள். ஒரு படி ஏறியாயிற்று. இப்படியே ஒவ்வொரு படியாக மேலே வந்து ஊசியில் மாட்டிவிடலாம். படிகளை வரிசை மாற்றி எடுக்காதீர்கள். பயமாக இருந்தால் 20 வரிசைக்கு ஒருமுறை வேறு நிற மெல்லிய நூலை எல்லாக் கண்ணி வழியாகவும் ஊசிநூலாகக் கோர்த்து விட்டுவைக்கலாம், பிரிக்க நேர்ந்தால் அதற்குக் கீழே போகாது.

நடுவுல நூல் தீர்ந்துபோச்சு. முடிச்சுப் போட்டுத் தொடரலாமா?

முடிச்சு வேண்டாம், மெல்லிய துணியில் அது பட்டாணி போல உறுத்தும், பிறகு முன்பக்கம் எட்டிப் பார்க்கும். துண்டின் அகலத்தைப் போல நான்கு மடங்கு நூல் மிச்சமிருந்தால் இன்னொரு வரிசை முடிக்கலாம். இல்லையென்றால் வரிசையின் ஓரத்திலேயே நிறுத்தி, 15 செ.மீ. வால் விட்டுப் புதுக் கண்டைத் தொடங்குங்கள். கடைசியில் வாலை ஊசியில் கோர்த்துத் தையல் ஓரத்தின் உட்பக்கம் மேலே கொஞ்சம், திரும்பிக் கீழே கொஞ்சம் என்று திசை மாற்றிச் செருகுங்கள். ஒரே திசையில் செருகினால் பருத்தி நான்கு துவையலில் வெளியே வந்துவிடும். கண்டுக்குள்ளேயே சில சமயம் முடிச்சு இருக்கும், அதையும் வெட்டிவிட்டுப் புதுக் கண்டு போலவே நடத்துங்கள்.

தோளை எவ்வளவு தைக்கணும்? தலை உள்ளே போகலைன்னா?

112 கண்ணியில் பக்கத்துக்கு 27 தோளுக்கு, நடுவில் 58 கழுத்துக்கு. அந்த 58 என்பது சுமார் 26 செ.மீ. பெரியவர்களின் தலைக்கு இது போதும், ஆனால் மேல் ஓரத்தை இறுக்கமாக மூடியிருந்தால் போகாது. ஆகவே கண்ணி மூடும்போது நடுவிலுள்ள 58க்கு மட்டும் ஒரு சைஸ் பெரிய ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். தோள் பகுதியை வழக்கமான ஊசியிலேயே உறுதியாக மூடுங்கள், உடையின் மொத்தக் கனமும் அங்கேதான் தொங்கப் போகிறது. தைப்பதற்கு முன் பின் குத்திப் போட்டுப் பாருங்கள், தோளில் நிற்காமல் சரிந்தால் பக்கத்துக்கு இரண்டு மூன்று கண்ணி உள்ளே சேர்த்துத் தைக்கலாம்.

பக்கவாட்டில் தோளிலிருந்து 21 செ.மீ. கைக்கு விட்டுவிடுங்கள். கீழே 6 செ.மீ. தைக்காமல் விட்டால் உட்கார, குனிய வசதி. நடுவில் 27 செ.மீ.தான் தையல். இரண்டு துண்டையும் முன்பக்கம் மேலே பார்க்கும்படி அருகருகே வைத்து, ஓரக் கண்ணிக்கு அடுத்து குறுக்கே ஓடும் நூலை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்து, நான்கு எடுத்ததும் மெதுவாக இழுங்கள். தையல் கண்ணுக்கு முன்னாலேயே மறைந்துவிடும், எத்தனை முறை செய்தாலும் எனக்கு அது சந்தோஷம்தான்.

காலைல போட்டப்ப சரியா இருந்தது, சாயங்காலம் பார்த்தா நீளமா இறங்கிடுச்சு. ஏன்?

என் முதல் டாப்பில் இதே அனுபவம். காலையில் 54 செ.மீ., ராத்திரி கழற்றி அளந்தபோது 59. அளவில் தப்பில்லை, மாதிரித் துண்டைத் தொங்கவிடாமல் படுக்கையாக மட்டும் அளந்திருந்தேன். 250 கிராம் துணி நாள் முழுக்கத் தோளில் தொங்குகிறது, வியர்வை சேர்ந்தால் இன்னும் கனம், பருத்திக்குத் திரும்பிச் சுருங்கும் குணமில்லை என்று முன்பே சொன்னேன். அந்த ஆறு வரிசையைக் குறைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஏற்கெனவே இறங்கிவிட்டது என்றால், துவைத்துப் படுக்கையாகக் காயவைக்கும்போது அளவுநாடா வைத்து, கையால் மெல்லத் தள்ளிப் பழைய நீளத்துக்குக் கொண்டுவாருங்கள், பெரும்பாலும் திரும்பிவிடும். தோள் தையலின் உட்பக்கம் மெல்லிய பருத்தி நாடா ஒன்றைத் தைத்துவிட்டால் தோள் விரியாது, பாதிப் பிரச்சினை அங்கேயே நின்றுவிடும்.

எப்படித் துவைக்கிறது?

குளிர்ந்த தண்ணீரில் கையால். முறுக்கிப் பிழியாமல், துண்டில் வைத்துச் சுருட்டி அமுக்கினால் தண்ணீர் போய்விடும். கொடியிலும் ஹேங்கரிலும் போடவே வேண்டாம், காய்ந்த பிறகும் மடித்துத்தான் வைக்க வேண்டும். சூடான டிரையர் பருத்தியைச் சுருக்கிவிடும். அடர் நிறம் என்றால் மாதிரித் துண்டோடு ஒரு வெள்ளைத் துணியைச் சேர்த்து நனைத்துப் பாருங்கள், சாயம் போகுமா என்று தெரிந்துவிடும்.

வலை மாதிரி ஓட்டை ஓட்டையா பின்னலாமா? புதுசா கத்துக்கறவங்களுக்குக் கஷ்டமா?

கஷ்டமில்லை. ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றுவது, அடுத்த இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரே நிட்டாகப் போடுவது. சுற்று ஒரு கண்ணியைக் கூட்டும், சேர்ப்பது ஒன்றைக் குறைக்கும், எண்ணிக்கை மாறாது. எட்டு வரிசைக்கு ஒருமுறை இப்படி ஒரு வரிசை போட்டால் போதும், நல்ல காற்றோட்டம். முழுத் துண்டையும் அப்படிப் பின்னினால் நீளம் இன்னும் அதிகமாக இறங்கும், மேலே மார்புப் பகுதியைச் சாதாரணமாகவே விடுவது நல்லது. வரிசை முடிவில் கண்ணிகளை எண்ணுங்கள், சுற்றை மறந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

எல்லாம் முடிஞ்சு தைச்சுப் போட்டா இறுக்கமா இருக்கு. மொத்தத்தையும் பிரிக்கணுமா?

வேண்டாம். பக்கத் தையலை மட்டும் பிரியுங்கள். 11 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் நிட் மட்டும் போட்டு, 27 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகள் பின்னுங்கள். தையலுக்குப் போக ஒவ்வொன்றும் சுமார் 4 செ.மீ. அகலம் நிற்கும். முன் துண்டுக்கும் பின் துண்டுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாக வைத்துத் தைத்தால் சுற்றளவு 8 செ.மீ. கூடும், அக்குளிலும் கை தாராளமாகப் போகும். மிச்ச நூல் போதவில்லை என்றால் வேறு நிறத்தில் பின்னுங்கள். நான் அப்படிச் சரிசெய்து கொடுத்த ஒரு வெள்ளை டாப்பில் இரண்டு பக்கமும் நீலப் பட்டை, பார்த்தவர்கள் எல்லோரும் முதலிலேயே அப்படித் திட்டமிட்டுப் பின்னியது என்றே நினைத்தார்கள்.